டெல்லியில தமிழ் மட்டும் பேசற குழந்தை, போக்சோ கேஸ்: அடுத்து என்ன பண்ணணும்?

யமுனாக்கரை_ரேவதி:
வணக்கம், நான் கிழக்கு டெல்லில இருக்கேன். எங்களுக்கு தெரிஞ்ச ஒரு குடும்பம், சேலம் பக்கத்துல இருந்து வந்தவங்க, அம்மா நாலு வீட்ல வேலை செய்றாங்க. அவங்க பொண்ணுக்கு ஒரு ஆளால நடக்கக்கூடாதது நடந்துடுச்சு. ஏரியா, ஸ்கூல், வயசு எதுவும் இங்க சொல்ல மாட்டேன். எஃப்ஐஆர் போட்டாச்சு. லேடி எஸ்ஐ சாதா டிரெஸ்லதான் வீட்டுக்கு வந்தாங்க, நல்லாத்தான் பேசினாங்க, ஆனா எல்லாம் ஹிந்தியில. பாப்பா வீட்ல தமிழ்தான் பேசும், ஹிந்தி ஏதோ தெருவுல விளையாடற அளவுக்கு தெரியும் அவ்ளோதான். ரெண்டு கேள்விக்கு தலையாட்டிட்டு அப்புறம் வாயே திறக்கல. அடுத்து மாஜிஸ்ட்ரேட் முன்னாடி சொல்லணுமாம், அப்புறம் கோர்ட்டு வேற. வெளிநாட்ல ஒரே இடத்துக்கு கூட்டிட்டு போய் ஒரே ஒரு தடவை கேட்டுப்பாங்கன்னு ஒருத்தர் சொன்னார், அந்த மாதிரி இங்க ஏதாவது இருக்கா? தமிழ் தெரிஞ்சவளாச்சேன்னு நானே மொழிபெயர்க்க போகட்டுமா?

கோர்ட்டு_வராண்டா:
ரேவதி, நான் பல வருஷமா இந்த மாதிரி குழந்தைங்க கூட கோர்ட்டுக்கு போற வேலையிலதான் இருக்கேன். விவரம் எதுவும் போடாம கேட்டீங்க பாருங்க, அது ரொம்ப சரி, பின்னூட்டத்துல யார் கேட்டாலும் சொல்லிடாதீங்க.

நீங்க கேள்விப்பட்டது உண்மைதான். அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஹன்ட்ஸ்வில்னு ஒரு ஊர்ல 1985-ல ஆரம்பிச்சாங்க, ஐஸ்லாந்துல 1998-ல. பாக்க ஒரு வீடு மாதிரி இருக்கும். பயிற்சி எடுத்த ஒரே ஒரு ஆள் குழந்தைகிட்ட பேசுவாங்க, போலீஸ், வக்கீல், குழந்தைகள் நலத்துறை ஆளுங்க எல்லாம் பக்கத்து ரூம்ல இருந்து பாத்துப்பாங்க. அதனால அதே கதையை ஆளாளுக்கு திரும்ப சொல்ல வேண்டியதில்ல. அதுக்கு காரணம் இருக்கு. ஒரு குழந்தையை அஞ்சு பேர் அஞ்சு விதமா கேட்டா, முதல்ல சொன்னது தப்போன்னு நெனச்சு மாத்தி சொல்லும், இல்ல அப்படியே அடங்கிப் போயிடும். கேஸும் அங்கதான் உடையும்.

இங்க அந்த மாதிரி எல்லாமே ஒரே கூரைக்கு கீழ கிடைக்காது. ஒன் ஸ்டாப் சென்டர்னு 2015-ல இருந்து ஒரு திட்டம் இருக்கு, மருத்துவம், கவுன்சிலிங், சட்ட உதவிக்கு அங்க வழி காட்டுவாங்க. கோர்ட்டுல சாட்சி சொல்றதுக்கு தனி ஏற்பாடு நம்ம டெல்லி கர்கர்டூமா கோர்ட்லயே இருக்கு, 2012-ல நாட்டுக்கே முன்னோடியா ஆரம்பிச்சது. குழந்தை தனி ரூம்ல உக்காந்து கேமரா வழியா பேசும், அந்த ஆள் முகத்தை பாக்கவே வேண்டியதில்ல. உங்க கேஸ் எந்த கோர்ட்டுக்கு போகுதோ அங்க இந்த ரூம் வேணும்னு முன்னாடியே அரசு வக்கீல்கிட்ட சொல்லி வச்சிடுங்க.

இப்போ முதல் வேலை சப்போர்ட் பர்சன். போலீஸ் 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக்குழுவுக்கு தகவல் சொல்லியிருக்கணும். அந்த கமிட்டிதான், அம்மா சம்மதத்தோட, கூடவே வர ஒரு ஆளை போட்டுத் தரும். ஆஸ்பத்திரி, மாஜிஸ்ட்ரேட், கோர்ட்டு எல்லா இடத்துக்கும் அதே ஆள் வந்தா குழந்தைக்கு எவ்வளவோ தைரியம். அம்மாவை நேரா கமிட்டிக்கு கூட்டிட்டு போய் கேட்க வைங்க. வழி தெரியலன்னா குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் பண்ணுங்க.

லக்ஷ்மிநகர்_வக்கீல்:
மொழி விஷயத்துக்கு மட்டும் நான் சொல்றேன் சிஸ். போக்சோ சட்டம் 26-வது பிரிவுலயே மொழிபெயர்ப்பாளர் வச்சுக்கலாம்னு இருக்கு, கோர்ட்டுல சாட்சி சொல்லும்போதுன்னா 38-வது பிரிவு. மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துல மொழிபெயர்ப்பாளர் பட்டியல் வச்சிருக்கணும்னு 2020 விதிகள் சொல்லுது, அதுல தமிழ் ஆள் கேளுங்க, விசாரணை அதிகாரிகிட்ட எழுத்துல கொடுங்க, வாய்ல சொன்னா காத்தோட போயிடும். குழந்தை என்ன வார்த்தையில சொல்லுதோ அப்படியே பதியணும்னு சட்டம் இருக்கு. தலையாட்டினதை வச்சு யாரோ ஹிந்தியில நீளமா ஒரு பாரா எழுதினா அது குழந்தை சொன்னது ஆகாது.

நீங்க மொழிபெயர்க்க போகாதீங்க, ப்ளீஸ். நீங்க அந்த குடும்பத்துக்கு வேண்டியவங்க, நடந்தது முழுசா கேட்டவங்க. சொல்லிக் கொடுத்துட்டாங்கன்னு எதிர் தரப்பு அதையே புடிச்சுக்கும்.

மாஜிஸ்ட்ரேட் முன்னாடி சொல்லும்போது அந்த ஆளோட வக்கீல் அங்க இருக்கக்கூடாது. அம்மா கூட இருக்கலாம். கோர்ட்டுலயும் எதிர் வக்கீல் நேரா கேள்வி கேட்க முடியாது, ஜட்ஜ்கிட்ட கொடுக்கணும், ஜட்ஜ்தான் குழந்தைகிட்ட கேட்பார். நடுவுல இடைவேளை கேட்கலாம், திரும்பத் திரும்ப கூப்பிடவும் கூடாது. குழந்தையோட சாட்சியம் 30 நாள்ல முடியணும்னு சட்டம் இருக்கு, நடைமுறைல இழுக்கத்தான் செய்யுது, அதுக்கும் மனசை தயார் பண்ணிக்க சொல்லுங்க.

முனிர்கா_அம்மா:
நான் இதை கடந்து வந்தவ. வேற ஒண்ணும் சொல்ல தெரியல ரேவதி, வீட்ல உக்கார வச்சு "கோர்ட்டுல இப்படி சொல்லணும்"னு ஒத்திகை பாக்க விடாதீங்க. சொந்தக்காரங்க வந்து ஒவ்வொருத்தரா "என்னம்மா ஆச்சு"ன்னு கேட்பாங்க, அதை வாசல்லயே நிறுத்துங்க. குழந்தை தானா பேசினா காது கொடுத்து கேளுங்க, "நீ சொன்னது நல்லது, உன் மேல தப்பே இல்ல"ன்னு சொல்லுங்க, மேல எதுவும் தோண்டாதீங்க. கோர்ட்டு போற அன்னைக்கு புடிச்ச சட்டை, சாப்பிட தயிர் சாதம், வரைய ஒரு நோட்டு எடுத்துட்டு போங்க. காத்திருக்கறதுதான் ரொம்ப பெருசு, அந்த ரூம்ல பொம்மை இருக்கோ இல்லையோ நம்ம பையில இருக்கணும்.

யமுனாக்கரை_ரேவதி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிக்கும்போதே கண்ணு கலங்குது. நான் மொழிபெயர்க்க போகல, பட்டியல்ல ஆள் கேட்கறோம். இன்னொண்ணு, அந்த அம்மா ஒவ்வொரு நாளும் வேலைக்கு போகலன்னா சம்பளம் பிடிக்கிறாங்க, ஒரு வீட்ல வேற ஆள் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. இதுக்கு ஏதாவது வழி இருக்கா?

லக்ஷ்மிநகர்_வக்கீல்:
இருக்கு. கேஸ் முடியற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இடைக்கால இழப்பீடு வேணும்னு சிறப்பு நீதிமன்றத்துலயே மனு போடலாம். அதுக்கும் முன்னாடி சாப்பாடு, துணி, போக்குவரத்து மாதிரி அவசர செலவுக்கு உடனடி பணம் கொடுக்க கமிட்டி பரிந்துரை பண்ணலாம், இதுவும் 2020 விதிகள்லயே இருக்கு, ஆனா கேட்டாதான் கிடைக்கும். மனு எழுத மாவட்ட சட்ட சேவைகள் ஆணையத்துல இலவச வக்கீல் தருவாங்க.

கோர்ட்டு_வராண்டா:
அந்த வீட்டுக்காரங்ககிட்ட காரணம் சொல்லி லீவ் கேட்க வேண்டாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க ரேவதி. "ஊர்ல இருந்து ஆள் வந்திருக்காங்க"ன்னு சொன்னா போதும். கமிட்டிக்கு போறப்போ எஃப்ஐஆர் காப்பி மறக்காம எடுத்துட்டு போங்க, அது இலவசமா கிடைக்க வேண்டியது, இன்னும் தரலன்னா முதல்ல அதை வாங்குங்க.