ஃபின் பிளேடு: எந்தப் பொருள், எவ்வளவு விறைப்பு? (பலரின் அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு * குறிக்குப் பிறகும் வேறொருவர்)

மூச்சடக்கிக் கடலில் முங்குபவர்கள் காலில் மாட்டும் துடுப்புதான் ஃபின்; அதன் நீண்ட தட்டைப் பகுதி பிளேடு. கார்பனா, ஃபைபர்கிளாஸா, பிளாஸ்டிக்கா என்று எல்லோரும் முதலில் கேட்பது பொருளைத்தான். விறைப்பை முடிவு செய்யாமல் அந்தக் கேள்விக்கு அர்த்தம் இல்லை. கால் வலுவை மீறிய விறைப்பு இருந்தால், எந்தப் பிளேடாக இருந்தாலும் முட்டி மடங்கி, சைக்கிள் மிதிப்பது போல் உதை மாறிவிடும். பிளேடு தண்ணீரைத் தள்ளாமல் சும்மா போய் வரும். முதல் நாலைந்து முங்கலில் இது தெரியாது. ஒரு மணி நேரம் கழித்துத் தொடை எரியும்போதுதான் தெரியும்.

டப்பாவில் ‘மீடியம்’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒருவரின் மீடியம் இன்னொருவரின் சாஃப்ட். வீட்டிலேயே அளக்கலாம். பிளேடின் அடிப்பகுதியில் 10 செ.மீ. நீளத்தை இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவில் வைத்து மேஜை விளிம்பில் கிளாம்ப் போடுங்கள். நுனியில் 1 கிலோ எடையைத் தொங்கவிட்டு, நுனி எவ்வளவு செ.மீ. இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிளேடுக்கும் ஒரே இடத்தில் கிளாம்ப், ஒரே எடை. ஜோடியில் இரண்டும் வேறு வேறு அளவு காட்டினால் தண்ணீரில் ஒரு பக்கமாக இழுக்கும்.

இறக்கத்தை விட வளைவின் வடிவம் முக்கியம். அடியிலிருந்து நுனி வரை வில் போல் சீராக வளைய வேண்டும். ஃபுட் பாக்கெட் (பாதம் நுழையும் ரப்பர் உறை) முடியும் இடத்தில் மட்டும் கீல் போல் மடங்கினால், அந்தப் பிளேடு கார்பனாகவே இருந்தாலும் வேண்டாம்.

*

மேலே சொன்னதோடு, மூழ்குவதற்காக இடுப்பு பெல்ட்டில் கட்டும் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கயிற்றைப் பிடித்து ஆழம் இறங்குபவருக்கும் மீன் வேட்டைக்காரருக்கும் தேவை வேறு. 10 மீட்டரில் அழுத்தம் 2 பார், அதாவது மேற்பரப்பில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. நுரையீரல் காற்று பாதியாகச் சுருங்குகிறது. 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. வெட்சூட்டும் (குளிர் தாங்கப் போடும் நுரை ரப்பர் உடை) நசுங்குகிறது. மேலே மிதந்த உடம்பு கீழே கல்லாகிவிடும். தரையில் படுத்துக் காத்திருக்கும் வேட்டைக்காரர், எழும்பும் முதல் மூன்று நான்கு உதையில்தான் பிளேடிடம் அதிகம் கேட்கிறார், அதுவும் சில நேரம் மீனையும் இழுத்துக்கொண்டு. மிக மென்மையான பிளேடு அந்த நேரத்தில் முழுக்க மடங்கி, தண்ணீரை ஓரத்தில் வழியவிட்டுவிடும்.

இதற்கு உடனே விறைப்பான பிளேடு வாங்கத் தேவையில்லை. முதலில் பெல்ட்டில் 1 கிலோ குறைத்துப் பாருங்கள். 10 மீட்டர் அளவில் மிதக்கவும் இல்லை, மூழ்கவும் இல்லை என்ற நிலை வந்தால் பலருக்கு அதே மென்மையான பிளேடே போதும். சந்தேகம் இருந்தால் ஒரு படி மென்மையானதையே எடுங்கள். தரையை விட்டு எழும்பும் அந்தச் சில உதைகளுக்காக, மேற்பரப்பில் நாள் முழுக்க நீந்தும் காலைத் தண்டிக்க வேண்டாம்.

*

பிளாஸ்டிக்கை யாரும் மதிப்பதில்லை, அதனால் நான் பேசுகிறேன். பாறைக் கரையில் இறங்கி ஏறுபவர், படகில் ஃபின்னைத் தூக்கிப் போடுபவர், 10-12 மீட்டருக்குள் வேட்டையாடுபவர், இவர்களுக்கு அதுவே சரி. அதன் குறை ஒன்றுதான்: வளைந்தபின் மெதுவாகத் திரும்பும். போட்ட சக்தியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். ஃபைபர்கிளாஸ் இன்னும் சுறுசுறுப்பாகத் திரும்பும், கார்பன் எல்லாவற்றையும் விட வேகம். அடியைத் தாங்குவதில் வரிசை அப்படியே தலைகீழ். இரண்டுக்கும் நடுவில் நிற்கும் ஃபைபர்கிளாஸ்தான் பெரும்பாலான வேட்டைக்காரர்களுக்குப் பொருத்தம் என்பது என் கட்சி.

பாலிப்ரொப்பிலீன் தண்ணீரை விட லேசு, அதனால் கால் மேலே தூக்கும். கார்பனும் ஃபைபர்கிளாஸும் மூழ்கும். மேற்பரப்பில் நீந்தும்போது பிளேடு காற்றில் அடித்துச் சலசலத்தால் மீன் நிற்காது. மாற்றிப் பார்க்கும்போது இதையும் கவனியுங்கள்.

நுனியை ஊன்றிச் சாய்த்து வைப்பதும், வெயிலில் நிற்கும் காருக்குள் மடக்கி வைப்பதும் பிளாஸ்டிக்கை நிரந்தரமாக வளைத்துவிடும். வளைந்துவிட்டால் ஃபுட் பாக்கெட்டைக் கழற்றி, பிளேடைச் சுடுநீரில் ஊறவைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் பாரம் ஏற்றி ஓர் இரவு வைத்தால் ஓரளவு நிமிரும். மடிந்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அது திரும்பாது.

*

ஃபுட் பாக்கெட்டை மறந்துவிட்டீர்கள். அது தளர்வாக இருந்தால் விலை உயர்ந்த கார்பனும் வீண்: கால் உள்ளே ஆடும், குதிகால் உரியும், விரலால் பிடித்துக்கொள்ள முயன்று கெண்டைக்காலில் குரக்களி இழுக்கும். எப்போதும் போடும் நியோப்ரீன் சாக்ஸோடுதான் அளவு பாருங்கள். பாதத்தின் இருபுறமிருந்தும் பிளேடு ஓரமாக ஓடும் ரப்பர் பட்டை நீளமாகவும் தடிமனாகவும் இருந்தால், அதுவே விறைப்பைக் கூட்டும். ஒரே பிளேடு இரண்டு பாக்கெட்டில் இரண்டு விதமாக நடப்பது இதனால்தான்.

பொருத்தும் முறை: பாக்கெட்டை வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு இளக்குங்கள். பிளேடு ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாக்கெட்டுக்குள் செருகுங்கள். பெட்ரோலிய எண்ணெய், கிரீஸ் கூடாது, ரப்பர் உப்பிவிடும். திருகுத் துளை இல்லாத கார்பனாக இருந்தால் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கீழே மரத்துண்டை அழுத்திப் பிடித்து, கூரான பிட்டால் மெதுவான வேகத்தில் துளையிடுங்கள். மரத்துண்டு இல்லாவிட்டால் பிட் வெளியேறும் பக்கம் நார் பிய்ந்துவிடும். முகக்கவசம் கட்டாயம், கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. துளையின் உள்விளிம்பில் மெல்லிய எபாக்ஸி (இரண்டு பாகம் கலக்கும் பசை) தடவிக் காயவிடுங்கள். திருகை வாஷரோடு போட்டு, ரப்பர் லேசாக அமுங்கியதும் நிறுத்துங்கள். இறுக்கித் திருகினால் துளையிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

*

கார்பன் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை: ஓரங்கள், திருகுத் துளை, பாக்கெட் முடியும் கோடு. மேல் ரெசினில் (நார்களைப் பிணைக்கும் பிசின்) கீறல் இருந்தால் பயமில்லை. நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். பிரிந்துவிட்டால் ஆழத்துக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். ஓரத்தில் சிறு சில்லு மட்டும் போயிருந்தால் 400 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து, எபாக்ஸி பூசி மூடுங்கள். ஃபைபர்கிளாஸில் நட்சத்திரம் போல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உள்ளே ரெசின் உடைந்திருக்கிறது. கடையில் சிலர் பிளேடு நுனியைத் தரையில் ஊன்றி அழுத்தி விறைப்பைச் சோதிப்பார்கள். பார்க்கவே பதறும்.

*

கடைசிச் சோதனை தண்ணீரில்தான். முடிந்தால் இரண்டு ஜோடியைக் கடன் வாங்குங்கள். ஒரே கயிறு, ஒரே 10 மீட்டர், ஒரே எடை, நொடிக்கு 1 மீட்டர் வேகம். ஏறும்போது எத்தனை உதை என்று எண்ணுங்கள். விறைப்பான பிளேடில் எண்ணிக்கை குறையும், அது மட்டும் வெற்றி இல்லை. ஐந்தாவது முங்கலிலும் முட்டி நேராக, இடுப்பிலிருந்து உதை வருகிறதா என்று கூட்டாளியைப் பக்கவாட்டில் படமெடுக்கச் சொல்லுங்கள். ஐந்தாவதில் எந்த ஜோடி முதல் முங்கலைப் போலவே தெரிகிறதோ அதை எடுங்கள். இரண்டு முங்கலுக்கு நடுவில், கீழே இருந்த நேரத்தைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு மேலே ஓய்வு. தனியாக இதைச் செய்யவே கூடாது: மயக்கம் வருவது பெரும்பாலும் கடைசிச் சில மீட்டரில், அல்லது மேலே வந்து முதல் மூச்சு எடுத்த பிறகு. படமெடுத்து முடிந்தாலும் கூட்டாளி கண்ணை எடுக்காமல் அரை நிமிடம் பக்கத்திலேயே இருக்கட்டும்.