மருத்துவ பீடத்தின் முதலிரு ஆண்டுகள்: தனித்தனிப் பாடங்களா, உடற்றொகுதி வாரியான மொடியூல்களா?

கேள்வி: கல்லடி மாணவி

அனைவருக்கும் வணக்கம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் தமிழ் மொழிமூலம் கற்று, மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறேன். பீடம் தொடங்குவதற்கு முன் கிடைத்துள்ள இடைவெளியில், வெவ்வேறு பீடங்களில் பயிலும் சீனியர்களிடம் முதலிரு ஆண்டுகளின் பாட ஒழுங்கைப் பற்றி விசாரித்தேன். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிர் இரசாயனவியல் ஆகிய மூன்றும் மூன்று தனிப் பாடங்களாக ஒரே காலத்தில் நடைபெற்று, இரண்டாம் எம்.பி.பி.எஸ். பரீட்சையோடு முடிவடையும் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவரோ, அறிமுகப் பகுதி முடிந்த பிறகு தங்கள் நேரசூசியில் அந்தப் பெயர்களே பெரும்பாலும் இருப்பதில்லை என்றும், இதயமும் குருதிக்கலன்களும் ஒரு மொடியூல், சுவாசம் ஒரு மொடியூல், சிறுநீரகம் ஒரு மொடியூல் என்று எல்லாம் கலந்தே வரும் என்றும் சொன்னார்.

ஒரே பட்டத்துக்கு ஏன் இவ்வளவு வேறுபட்ட ஒழுங்குகள் இருக்கின்றன? வார்ட்டுக்குப் போகும்போது எது உறுதியான அடித்தளத்தைத் தரும்? கற்பித்தவர்களும் கற்றவர்களும் விளக்கினால், நான் எந்த ஒழுங்குக்குள் சென்றாலும் அதற்கேற்ப என்னைத் தயார்படுத்திக்கொள்ள உதவியாக இருக்கும்.

பதில்: பிள்ளையாரடி ஆசிரியர்

மகள், முதலில் வாழ்த்துகள். உடற்றொழிலியலை நீண்ட காலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், உங்கள் முதற் கேள்விக்கு வரலாற்றிலிருந்து பதில் சொல்ல விரும்புகிறேன். அந்த வரலாறு தெரியாமல் இரண்டு ஒழுங்குகளின் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்க்க முடியாது.

கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இருந்த மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் ஒழுங்கான ஆய்வுகூடங்கள்கூட இருக்கவில்லை. அவற்றை நேரிற் சென்று பார்வையிட்ட அமெரிக்கக் கல்வியியலாளர் ஏபிரகாம் பிளெக்ஸ்னர், 1910 இல் வெளியிட்ட அறிக்கையில், முதலிரு ஆண்டுகள் ஆய்வுகூடத்தோடு இணைந்த அடிப்படை விஞ்ஞானங்களுக்கும் அடுத்த இரண்டு ஆண்டுகள் மருத்துவமனைக் கற்கைக்கும் உரியவை என்ற அமைப்பை வலியுறுத்தினார். அடிப்படை விஞ்ஞானம் முதலில், நோயாளி பின்னர் என்ற அந்தப் பிரிவு, அதன்பின் உலகின் பெரும் பகுதியில் வழக்கமாக நிலைத்துவிட்டது. 1870 இல் கொழும்பில் தொடங்கிய நமது நாட்டு மருத்துவக் கல்வியும் பிரித்தானிய மரபின் வழியாக இதையொத்த ஒழுங்கையே பின்பற்றி வந்தது. ஒக்ஸ்போர்ட்டும் கேம்பிரிட்ஜும் இன்றும் மருத்துவமனைக்கு முந்தைய மூன்று ஆண்டுகளைத் தனியாகவே வைத்திருக்கின்றன.

இந்த ஒழுங்கில் உள்ள உண்மையான சிக்கல் எங்கே தோன்றுகிறது என்பதைக் கவனியுங்கள். உடற்கூற்றியலை உடற்பகுதி வாரியாகத்தான் கற்பிக்க முடியும், ஏனென்றால் ஒரு சடலத்தின் கையைத் திறக்கும்போது தசை, நரம்பு, குருதிக்கலன், மூட்டு எல்லாம் ஒன்றாகவே கண்முன் வருகின்றன. நரம்புகளை மட்டும் இன்று பார்த்துவிட்டு, நாடிகளை அடுத்த தவணைக்கு ஒதுக்கி வைக்க இயலாது. உடற்றொழிலியல் அவ்வாறு பகுதி வாரியாகப் போக முடியாது. அது குருதி, இதயம், சுவாசம், சிறுநீரகம் என்று தொழிலைப் பின்பற்றியே நகர வேண்டும். உயிர் இரசாயனவியலோ நொதியங்களிலும் அனுசேபப் பாதைகளிலும் தொடங்கும். மூன்று துறைகளும் தத்தமக்கு நியாயமான வரிசையில் போகின்றன, ஆனால் மாணவரிடம் வந்து சேரும்போது அவை பொருந்துவதில்லை. சிறுநீரகம் எவ்வாறு வடிகட்டுகிறது என்று நான் விரிவுரை நடத்திக்கொண்டிருக்கும் வாரத்தில், மாணவர்கள் வெட்டுக்கூடத்தில் கழுத்தைத் திறந்துகொண்டிருப்பார்கள். வயிற்றறையை அவர்கள் திறக்கும் நேரத்தில் நான் அகஞ்சுரக்கும் தொகுதிக்குச் சென்றிருப்பேன். துறைத் தலைவர்கள் எவ்வளவு கூடிப் பேசினாலும் இந்த இடைவெளி முழுவதும் மூடப்படாது.

இதைத் தீர்க்கும் முயற்சியாகத்தான் 1952 இல் கிளீவ்லாந்தின் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம் துறை எல்லைகளைத் தளர்த்தி, உடற்றொகுதி வாரியான பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. 1969 இல் முதல் மாணவர்களைச் சேர்த்த கனடாவின் மக்மாஸ்டர் மருத்துவ பீடம் இன்னும் ஒரு படி சென்று, ஒரு நோயாளியின் பிரச்சினையைச் சிறு குழுவின் முன் வைத்து, அதற்குத் தேவையான விஞ்ஞானத்தை மாணவர்களே தேடிக் கற்கும் முறையை அமைத்தது. நமது நாட்டில் கொழும்பு மருத்துவ பீடம் 1995 இல் தன் பாடத்திட்டத்தை மாற்றியமைத்தபோது, அறிமுக அடிப்படை விஞ்ஞானத்தை முதலில் வைத்து, அதன்பின் உடற்றொகுதி மொடியூல்களை அமைத்ததோடு, சமூக மருத்துவம், நடத்தை விஞ்ஞானம், மருத்துவமனைப் பயிற்சி ஆகியவற்றையும் தனி இழைகளாக நெய்தது. ஒரே நாட்டில் பல ஒழுங்குகள் இருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு பீடமும் இந்த நீண்ட வாதத்தில் வேறு வேறு இடத்தில் நிற்பதுதான்.

மொடியூல் ஒழுங்கிலும் இழப்பு உண்டு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எந்த ஒரு தொகுதிக்கும் முழுமையாகச் சொந்தமில்லாத விடயங்கள் அதில் துண்டாடப்படுகின்றன. அமில கார சமநிலை அதற்குத் தெளிவான உதாரணம். காபனீரொட்சைட்டை வெளியேற்றும் பாதியைச் சுவாச மொடியூலிலும், இருகாபனேற்றை மீளப்பெறும் பாதியைச் சிறுநீரக மொடியூலிலும் கற்கும் மாணவர், நீரிழிவுக் கீற்றோன் அமிலத்தேக்கத்தோடு வரும் ஒருவரின் ஆழ்ந்த, வேகமான மூச்சைக் கண்டு, அது நுரையீரல் நோயன்று, இரத்தத்தின் அமிலத்தன்மையை நுரையீரல் ஈடுசெய்யும் முயற்சி என்று உடனே உணர்வதற்கு, அந்த இரண்டு பாதிகளையும் எவரோ ஓரிடத்தில் சேர்த்துக் காட்டியிருக்க வேண்டும். மென்சவ்வு மின்னழுத்தம், கலங்களின் சக்தி உற்பத்தி போன்ற பொது அடிப்படைகளும் அப்படியே. ஆகவேதான் நன்றாக அமைந்த எந்த மொடியூல் திட்டமும் நேரடியாக இதயத்தில் தொடங்காமல், ஓர் அறிமுகப் பகுதியை முன்வைக்கிறது.

என் கருத்தில், ஒரு விடயம் எந்தப் பெயரின் கீழ் வருகிறது என்பதைவிட, அது மாணவரிடம் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில், முன்னையதைவிட எவ்வளவு ஆழமாகத் திரும்பி வருகிறது என்பதே முக்கியம். பீடம் அதைச் செய்தால் நல்லது. செய்யாவிட்டால் மாணவர் தம் நேரசூசியில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.

பதில்: வயல்வெளி வைத்தியர், அம்பாறை

ஆசிரியரின் விளக்கத்தை மதித்துக்கொண்டே, வார்ட்டின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நமது மாவட்டங்களில் நெற்செய்கைக் காலத்தில் கிருமிநாசினி தெளித்த விவசாயி ஒருவர், கண்மணிகள் ஊசிமுனையளவு சுருங்கி, எச்சில் வடிய, வியர்த்து, மூச்சுத்திணறலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தைச் சேதன பொசுபரசு நஞ்சு முடக்கிவிட்டது என்பது உயிர் இரசாயனவியல். உடைபடாமல் தேங்கிய அசற்றைல்கோலின் சுரப்பிகளையும், மூச்சுக்குழாய்ச் சுவரின் தசையையும், எலும்புத்தசைகளையும் ஒருங்கே பாதிக்கிறது என்பது உடற்றொழிலியல். மாற்று மருந்தான அற்றோப்பின், சுரப்பிகளிலும் மூச்சுக்குழாய்த் தசையிலும் உள்ள மஸ்கரினிக் வாங்கிகளை மட்டுமே தடுக்கும், எலும்புத்தசையில் உள்ள வாங்கிகளைத் தடுக்காது என்பது மருந்தியல். மூன்றையும் இணைத்து வைத்திருப்பவருக்கே, அற்றோப்பின் கொடுத்துச் சுரப்புகள் வற்றிய பின்னரும் இவருடைய சுவாசத் தசைகள் தளர்ந்து போகலாம், செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படலாம் என்பது முன்கூட்டியே தெரியும். அந்த முன்னறிவு உயிரைக் காக்கும்.

நான் கற்றது பழைய ஒழுங்கில், மூன்று துறைகளும் தனித்தனியே. அதனால் இணைப்பு வராமற் போகவில்லை. மூன்றாம் ஆண்டில் வார்ட்டுக்குச் சென்றபோது நோயாளியே அந்த இணைப்பைச் செய்துவைத்தார். ஆகவே புதிய ஒழுங்கு வந்தால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையை நான் ஏற்பதில்லை. பாடத்திட்டத்தைச் சுருக்க வேண்டிய நேரத்தில் முதலில் கத்தரிக்கப்படுவது பெரும்பாலும் வெட்டுக்கூட மணித்தியாலங்கள்தான் என்பது எனக்கு உண்மையான கவலை. மேற்கையிலுள்ள புய என்பின் பின்புறத்தைச் சுற்றிச் செல்லும் ஆரை நரம்பைத் தன் கையால் பிரித்தெடுத்துப் பார்த்த மாணவர், அந்த என்பு முறிந்து வருபவரிடம் மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லிப் பார்க்க ஒருபோதும் மறக்க மாட்டார். படத்தில் மட்டும் பார்த்தவருக்கு அந்த நினைவு அவ்வளவு எளிதில் எழுவதில்லை.

மறுபுறம், முதலாம் ஆண்டிலேயே மருத்துவமனையையும் சமூகத்தையும் காட்டும் வழக்கத்தை முழுமனதோடு ஆதரிக்கிறேன். கண்ணாடி விரியன் கடித்தவரின் இரத்தம் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்த பின்னும் உறையாமல் ஓடுவதை ஒரு முறை கண்ட மாணவருக்கு, குருதி உறைதலின் படிமுறைகள் வெறும் மனனப் பட்டியலாக இருக்காது. நஞ்சு உறைதற் காரணிகளைத் தூண்டித் தூண்டியே அவற்றைத் தீர்த்துவிடுகிறது என்ற விளக்கத்தை அவர் தாமாகவே தேடிப் படிப்பார்.

கல்லடி மாணவி

ஆசிரியருக்கும் டொக்டருக்கும் மிக்க நன்றி. நான் போகும் பீடம் பழைய ஒழுங்கையொட்டியது என்று அறிகிறேன். இரண்டு விடயங்களை மட்டும் இன்னும் கேட்கிறேன். அன்றாட நேரத்தை எப்படிப் பிரிப்பது? தமிழில் கற்ற நான் ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரைகளை எப்படி எதிர்கொள்வது?

பதில்: கல்முனை, மூன்றாம் வருடம்

தங்கச்சி, பொதுவாகக் காலையில் விரிவுரைகளும் அதற்குப் பின் வெட்டுக்கூடமோ செயன்முறையோ இருக்கும். வெட்டுக்கூடத்துக்குப் போகும் முன்னர், அன்று திறக்கப்போகும் பகுதியை ஒரு முறையாவது வாசித்துவிட்டுப் போங்கள். வாசிக்காமல் போனால் அன்றைய மணித்தியாலங்கள் கொழுப்பை அகற்றுவதிலேயே கழிந்துவிடும். எதைத் தேடுகிறோம் என்று தெரியாதவருக்கு நரம்பும் இழையமும் ஒன்றாகவே தோன்றும்.

மாலையில் செய்ய வேண்டியது குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பதன்று. புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதவோ வரையவோ வேண்டும். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கேயும் 2006 இல் வெளியிட்ட ஆய்வில், மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் வைத்த சோதனையில் முன்னின்றார்கள். ஒரு வாரத்தின் பின் வைத்த சோதனையிலோ, இடையில் தம்மைத் தாமே சோதித்துப் பார்த்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். நமக்குப் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லை.

உங்கள் பீடத்தின் ஒழுங்கில் மூன்று துறைகளின் தொடர் மதிப்பீடுகளும் பெரும்பாலும் நெருங்கி நெருங்கியே வரும். ஒரு துறையின் சோதனைக்காக மற்ற இரண்டையும் முற்றாகக் கைவிடும் பழக்கம் பலரிடம் உண்டு; அடுத்த சோதனைக்கு அவர்கள் ஆரம்பத்திலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. வாரத்தில் ஒரு மாலையைப் பழைய பகுதிகளுக்காக ஒதுக்குங்கள். ஆசிரியர் சொன்ன பொருந்தாமையையும் அந்த மாலையிலேயே சரிசெய்யலாம்: சிறுநீரகத்தின் தொழில் விரிவுரையில் வரும் வாரத்தில், வெட்டுக்கூடம் எங்கே நின்றாலும், சிறுநீரகத்தின் அமைப்பையும் இழையவியல் படத்தையும் நீங்களாகவே பார்த்துவிடுங்கள். இழையவியலை மட்டும் பரீட்சை நெருங்கும்வரை தள்ளிவைக்க வேண்டாம், ஏனென்றால் நுணுக்குக்காட்டியின் கீழ் இழையங்களை வேறுபடுத்தும் கண், மெதுவாகத்தான் பழகும்.

இணையத்தில் இந்திய விரிவுரைகள் நிறைய உண்டு, பயனுள்ளவையும்கூட. அங்கே 1997 இல், இந்த அடிப்படை விஞ்ஞானப் பகுதியை ஒன்றரை ஆண்டிலிருந்து ஓராண்டாகச் சுருக்கினார்கள். 2019 முதல் பாடத்திட்டமும் புதிது. ஆகவே அவர்களின் வரிசையும் வேகமும் உங்களுடையதோடு பொருந்தாது. தலைப்பைத் தெரிவுசெய்து பாருங்கள், தொடராகப் பின்பற்ற வேண்டாம். புத்தகங்களை இப்போதே வாங்கவும் வேண்டாம். சீனியர்களிடமிருந்து கிடைக்கும், எந்தப் பதிப்பு போதும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

பதில்: பிள்ளையாரடி ஆசிரியர்

மொழியைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், மகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஆகவே நீங்கள் தமிழில் பெற்ற அறிவை ஒரு குறைபாடாக எண்ண வேண்டாம். இதயத்தின் வால்வுகள் எந்த ஒழுங்கில் மூடுகின்றன என்று தமிழில் தெளிவாகத் தெரிந்தவருக்கு அதன் ஆங்கிலம் சில வாரங்களில் வந்துவிடும். விளங்காமல் ஆங்கிலச் சொற்களை மட்டும் சேர்த்தவருக்கு வைவா எனும் வாய்மொழிப் பரீட்சையில் இரண்டாவது கேள்வியே தடையாகும்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் உயர்தர உயிரியலில் மனித உடலைப் பற்றிய அலகுகளை எடுத்து, அவற்றின் ஆங்கில மொழிமூலப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பந்தியாக வாசியுங்கள். பொருள் முன்பே தெரிந்திருப்பதால் கவனம் முழுவதும் மொழியில் நிற்கும். பீடத்துக்குச் சென்ற பின், தமிழில் கற்று வந்த ஒருவரோடும் ஆங்கிலத்தில் கற்று வந்த ஒருவரோடும் சேர்ந்து சிறு குழுவாகப் படியுங்கள். அன்று கற்றதை நீங்கள் வாய்விட்டு ஆங்கிலத்தில் விளக்க வேண்டும், அவர்கள் இடைமறித்துக் கேட்க வேண்டும். வைவாவில் பரீட்சகர் முன்னே அமர்ந்திருக்கும்போது கைகொடுப்பது அந்தப் பழக்கமே.