இரண்டரை வயதுப் பிள்ளை உள்ள வீட்டில் நாய்க்குட்டி: இப்போது எடுக்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடம்_அம்மா

வணக்கம். மகனுக்கு இரண்டரை வயது. வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். வாரத்தில் மூன்று நாள் கடல், போனால் மறுநாள் காலைதான் கரை. அந்த நேரம் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். தெரிந்தவர் ஒருவர் சிப்பிப்பாறைக் குட்டி தருவதாகச் சொல்கிறார், பிறந்து 35 நாள் ஆகிறதாம். இன்னொருவரிடம் வெள்ளை ராஜபாளையம் குட்டி இருக்கிறது. ஏப்ரல் 15 மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் எடுக்கலாம் என்பது இவர் யோசனை. பிள்ளைக்குப் பூச்சி, சொறி வந்துவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். எடுக்கலாமா? எடுத்தால் எந்த நாய்?

பதில்: பாம்பன்_வேட்டைநாய்

தடைக்காலத்தில் எடுப்பது நல்ல யோசனைதான் தங்கச்சி. ஜூன் 14 வரை 61 நாள் ஓர் ஆண் துணை முழுநேரமும் வீட்டில் இருக்கும். குட்டிக்கு முதல் இரண்டு மாதம்தான் வேலை அதிகம்: மூன்று மாத வயது வரை நாளுக்கு நான்கு வேளை சாப்பாடு, தூங்கி எழுந்ததும் சாப்பிட்டதும் உடனே வெளியே கொண்டுபோக வேண்டும், நடுராத்திரியிலும் ஒருமுறை. ஆனால் தடை முடிந்து அவர் படகேறியதும் குட்டி திண்டாடக் கூடாது. முதல் வாரத்திலிருந்தே அவர் பத்து நிமிஷம், அரைமணி, இரண்டு மணி என்று வீட்டைவிட்டுப் போய்வந்து பழக்க வேண்டும். சாப்பாடு வைப்பதும் பாதி நாள் உங்கள் கையாலேயே நடக்கட்டும்.

35 நாள் குட்டி வேண்டவே வேண்டாம். 56 நாள் முடியட்டும். கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதுக்கு வலிக்கும் என்று அது கற்கும். அதற்கு முன்பே பிரித்த குட்டி பல்லை அடக்கத் தெரியாமல் வளரும். அந்தப் பல் முதலில் படுவது உங்கள் பிள்ளை கையில்தான்.

வெள்ளை ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு. குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தரையைத் தட்டக் கூடாது, அதிர்வை உணர்ந்து எழுந்துவிடும். மற்ற குட்டிகளை வேறு இடத்தில் விட்டுவிட்டு, தனியாக வைத்து நாலைந்து தரம் பார்க்க வேண்டும். காது கேளாத நாயைப் பிள்ளை திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். காது சரியாக இருந்தாலும் ராஜபாளையம் ஒருவரையே எஜமானாக எடுத்துக்கொண்டு வீட்டைக் காக்கும் சாதி. மீன் வாங்க, வலை சரிபார்க்க ஆள் வந்துபோகிற வீட்டுக்கு ஒத்துவராது.

சிப்பிப்பாறை பிள்ளையிடம் சாதுவாக இருக்கும். ஆனால் ஓடுவதைக் கண்டால் துரத்தும். பக்கத்து வீட்டு ஆடு, கோழியை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், பிள்ளைகளோடு ஏற்கெனவே பழகிய, இரண்டு வயது தாண்டிய நாட்டுப் பெட்டை நாய், கருத்தடை செய்ததாகக் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. குணம் என்னவென்று கண்ணெதிரே தெரியும்.

பதில்: கீழக்கரை_டீச்சர்

அண்ணன் சொன்ன நாட்டு நாய் யோசனை சரி. குட்டி என்றால் மகனுக்கு நாலு வயது ஆகட்டும் என்பேன். மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை குட்டிக்குப் பல் விழுந்து முளைக்கும். ஓடுகிற பிள்ளையின் டவுசரைப் பிடித்து இழுக்கும், பிள்ளை விழும், அழும், குட்டிக்கு அடி விழும். அடிபட்ட குட்டிக்குப் பிள்ளை பக்கத்தில் வந்தாலே பயம். இரண்டரை வயதுக்காரனுக்கு "தொடாதே" என்றால் அந்த நிமிஷம் மட்டும்தான் நினைவிருக்கும்.

எந்த நாயானாலும் பெரியவர் கண் பார்வையில் இல்லாமல் இருவரையும் ஒரே இடத்தில் விடக் கூடாது. அடுப்பில் குழம்பைக் கிண்டத் திரும்பினாலும் நாய் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். அதற்கு மூன்றடி உயரத்தில் ஒரு தடுப்பு போதும். நம் பக்கத்தில் பழைய வலையைக் கட்டிவிடுவார்கள், அதைச் செய்யாதீர்கள். குட்டியின் கால் மாட்டும், பிள்ளை தலையை நுழைத்தால் கழுத்து இறுகும். வெல்டு மெஷ்ஷோ மரச்சட்டமோ அடியுங்கள், இடைவெளி இரண்டு அங்குலத்துக்குள். சங்கிலியில் நாள்முழுதும் கட்டிப்போடுவதும் தப்பு, விலகிப்போக வழியில்லாத நாய்தான் சட்டென்று கடிக்கும்.

நாய் முன்கூட்டியே சொல்லும். அசையாமல் விறைத்து நிற்பது, உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது. அந்த நேரம் பிள்ளையைத் தூக்கிவிடுங்கள். உறுமினால் அடிக்காதீர்கள், அடித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

பதில்: கால்நடை_உதவியாளர்

மாமியார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எல்லாமே தடுக்கக்கூடியவை. உருண்டைப்புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும், அதனால் எல்லாக் குட்டிக்கும் புழு இருப்பதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மருந்து. அளவு எடையைப் பொறுத்தது, எடை போடாமல் கொடுக்காதீர்கள். மலத்தில் வரும் அந்தப் புழுவின் முட்டை மண்ணில் இரண்டு வாரமாவது கிடந்தால்தான் தொற்றும். தினமும் அள்ளிப் புதைத்தாலே அந்த வழி அடைபடும்.

கொக்கிப்புழு வேறு கதை. அதன் குஞ்சு ஈரமும் நிழலும் உள்ள மணலில் ஒரு வாரத்துக்குள் வெளிவந்து வெறுங்காலில் ஏறும், தோலுக்கடியில் வளைந்து வளைந்து சிவப்புக் கோடாக அரிக்கும். அலை அடித்துப் போகிற மணலில் பயம் குறைவு. ஏற்றி வைத்த வள்ளத்தின் நிழல், தென்னை அடி, தெரு நாய்கள் படுக்கிற இடம், இங்கெல்லாம் பிள்ளையைச் செருப்பில்லாமல் விடாதீர்கள். நாய் வளர்க்காத வீட்டுக்கும் இது பொருந்தும்.

உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவாதீர்கள், நாய் நக்கினால் நஞ்சு. உண்ணி மருந்து ஏற்றிய கழுத்துப்பட்டையைப் பிள்ளை பிடித்துவிட்டு விரலை வாயில் வைப்பான். முதுகில் சொட்டுகிற மருந்து என்றால் முழுசாகக் காயும்வரை தொட விடக் கூடாது. சிறு பிள்ளை உள்ள வீட்டுக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரை வசதி.

கரையில் ஒதுக்கிப் போடும், உடம்பை உப்பிக்கொள்ளும் நச்சு மீனான பேத்தையை நாய் தின்றால் உயிருக்கே ஆபத்து. தூண்டில் முள்ளோடு கிடக்கும் இரை, கெளுத்தியின் முள், இவையும் கவனம். கடற்கரைக்குக் கயிறோடுதான் கூட்டிப்போக வேண்டும், குடிக்க நல்ல தண்ணீர் கையில் இருக்கட்டும். உப்புத் தண்ணீர் குடித்தால் வாந்தி, பேதி. வெயிலில் புறங்கையை மணலில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், தாங்கவில்லை என்றால் நாயின் பாதமும் வெந்துபோகும்.

தங்கச்சிமடம்_அம்மா

பழகிய நாட்டு நாய் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்கிறோம். தடுப்பூசி எப்போது? லேசான கீறல் என்றாலும் ஆஸ்பத்திரி போகணுமா?

கால்நடை_உதவியாளர்

குட்டி என்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பல நோய்களுக்கும் சேர்த்துப் போடும் முதல் கூட்டு ஊசி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்ப, 16 வாரம் வரை. அது முடியும்வரை தெருமண்ணில் இறக்காதீர்கள், பார்வோ என்கிற வைரஸ் பேதி வந்தால் பிழைப்பது கஷ்டம். வெறிநோய் ஊசி மூன்று மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். பெரிய நாயாக எடுத்தால், பழைய ஊசி அட்டை இல்லாவிட்டால் போடவில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள். செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தையொட்டி அரசு கால்நடை மருந்தகங்களில் இலவசமாகப் போடுவார்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

கீறல் என்றாலும் போகத்தான் வேண்டும், வீட்டு நாய், ஊசி போட்ட நாய் என்றாலும் சரி. முதலில் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். குழாயில் தண்ணீர் வராத நேரம் என்றால் குடத்திலிருந்து ஒருவர் ஊற்ற ஒருவர் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள், கட்டுப் போடாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இலவசம். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தில் போடும் எதிர்ப்பு மருந்தான இம்யூனோகுளோபுலினும் தேவை, அது எங்கே இருக்கிறது என்று நாய் வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தோலுக்குள் போடும் முறையில் ஊசி 0, 3, 7, 28-ஆம் நாள்; முதல் ஊசி போடும் நாள்தான் 0. வலி போய்விட்டது என்று கடைசி ஊசியை விட்டுவிடாதீர்கள்.