இலவம்பாடி கத்திரிக்காய்: மெஸ்காரரிடம் விலை படியவில்லை

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் அரை ஏக்கரில் இலவம்பாடி முள்ளுக் கத்திரி போட்டிருக்கிறேன். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே காய். காட்பாடி மெஸ்காரர் ஒருவர் தினமும் 20 கிலோ கேட்கிறார், ஆனால் கிலோ 30 ரூபாயைத் தாண்ட மாட்டேன் என்கிறார். நான் 40-இல் நிற்கிறேன். எப்படிப் பேசுவது?

பதில்: அண்ணே, அவருக்கு எது தலைவலி என்று கேட்டீர்களா? நான் மெஸ்ஸுக்கு வாழை இலை போடுகிறவன். முகூர்த்த நாளில் இலை கிடைக்காது என்பதுதான் அவர்களுக்குப் பயம். அன்றைக்கும் இலை வரும், வருஷம் முழுக்க ஒரே விலை என்று என் மெஸ்காரரிடம் சொன்னேன். சனிக்கிழமை தவறாமல் காசு என்றார். கடன் நோட்டு ஒழிந்தது!

பதில்: பிஞ்சைத் தனியாகப் பிரியுங்கள். எண்ணெய்க் கத்திரிக்காய்க்குப் பிஞ்சு 40, சாம்பாருக்குப் பெரிய காய் 30.

கேட்டவர்: பேசினேன். பிஞ்சு 8 கிலோ போதுமாம், 40-க்கே எடுத்துக்கொள்கிறார். மற்றது 32. காம்பு முள் குத்துகிறது என்று சமையல்காரம்மா புலம்புகிறாராம், அதனால் காம்பை நறுக்கித் தருகிறேன் என்றேன். அப்புறம்தான் மனுஷன் சிரித்தார்.