இரண்டாவதா, ஐந்தாவதா? நடுவர் வெட்டிய 10 புள்ளிகள்

கோட்டைவாசல்: நேற்றுத் தொலைக்காட்சியில் பொது அறிவுப் போட்டி பார்த்தீர்களா? உலகின் இயற்கைத் துறைமுகங்களில் திருகோணமலைக்கு எத்தனையாவது இடம் என்று கேட்டார்கள். நம்மூர்ப் பிள்ளை “இரண்டாவது” என்றான். நடுவர் “பிழை, ஐந்தாவது” என்று 10 புள்ளிகளை வெட்டிவிட்டார். பிள்ளை தோற்றது வெறும் 5 புள்ளிகளால்!

கிண்ணியாக்காரர்: எதில் இரண்டாவது? பரப்பிலா, ஆழத்திலா?

கோட்டைவாசல்: இரண்டாவது என்றால் இரண்டாவதுதான், நானா. சின்ன வகுப்பிலேயே படித்தது.

நிலாவெளி மாமா: ஐந்தாவது என்று நானும் வாசித்திருக்கிறேன். நடுவர் படித்த மனிதர், வாய்க்கு வந்ததைச் சொல்வாரா?

கோட்டைவாசல்: சொல்வார் மாமா. போன மாதம் ஜப்பானியர் திருகோணமலையில் குண்டு வீசிய நாள் 1942 ஏப்ரல் 5 என்ற விடைக்கு முழுப் புள்ளி கொடுத்தவர் இவர்தான். 5ஆம் திகதி அடி வாங்கியது கொழும்பு. இங்கே விழுந்தது 9ஆம் திகதி. அன்றைக்கே எழுதினேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்போது மட்டும் நடுவருக்கு வக்காலத்தா? இரண்டாவது!

சீனக்குடாத் தம்பி: அன்று ஒரு ஜப்பானிய விமானம் எங்கள் எண்ணெய்க் குதத்தில் மோதி விழுந்தது. அதைக் கேள்வியாகக் கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை.

கோட்டைவாசல்: தம்பி, குதத்தைப் பிறகு பார்ப்போம்.

கிண்ணியாக்காரர்: மகாவலி வந்து விழும் கொட்டியாரக் குடாவையும் சேர்த்தா அளந்தார்கள்? சேர்த்திருந்தால் அந்தப் பெருமையில் எங்கள் கரைக்கும் பங்கு உண்டு. நகரத்தார் மட்டும் மார்தட்ட வேண்டாம்.

கோட்டைவாசல்: 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை பாதைப் படகுக்கு வரிசையில் நின்றவர்கள் துறைமுகத்தில் பங்கு கேட்கிறார்கள்!

கிண்ணியாக்காரர்: வரிசையில் நின்றோம், உண்மை. நீங்கள் தின்ற மீனும் அதே பாதையில்தான் வந்தது.

நிலாவெளி மாமா: சிட்னியும் இயற்கைத் துறைமுகம்தானே? அதற்கு எத்தனையாவது இடம்?

கோட்டைவாசல்: சிட்னியில் மகன் இருப்பதை ஊருக்கே சொல்லியாகிவிட்டது மாமா, இங்கேயும் வேண்டாம்.

நிலாவெளி மாமா: மரியாதையாகப் பேசும். உம்முடைய தகப்பனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

கோட்டைவாசல்: அதனால்தான் அவருக்கு இரண்டுக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் தெரிந்திருந்தது! நாளை தொலைக்காட்சி நிலையத்துக்கு மனு போகிறது. ஒப்பமிடுகிறவர்கள் “இரண்டாவது” என்று எழுதினால் போதும், விளக்கம் வேண்டாம்.

கிண்ணியாக்காரர்: பரப்பிலா, ஆழத்திலா என்று மனுவிலாவது எழுதுவீர்களா?

கோட்டைவாசல்: இரண்டாவது.

சீனக்குடாத் தம்பி: அண்ணன், மனுவில் குதத்தையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.