பத்து மாதக் குழந்தைக்குச் சேலத்தில் காப்பகம் தேவை

அக்கா, தங்கைகளுக்கு வணக்கம். அஸ்தம்பட்டி, ஐந்து ரோடு பக்கம் பத்து மாதக் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளும் நல்ல காப்பகம் இருந்தால் சொல்லுங்கள். நான் தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். கணவருக்கு ஷிப்ட் வேலை. ஏற்காட்டிலிருக்கும் அம்மாவுக்கு மூட்டுவலி. கைக்குழந்தையோடு தினமும் இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குவது நடக்காது.

விசாரித்த இடங்களில் "இரண்டு வயது ஆகட்டும்" என்கிறார்கள். அதுவரை ஒரு தாய் என்ன செய்வாள்? வேலையை விடச் சொல்பவர்கள் வீட்டுக்கடனைப் பற்றிப் பேசுவதில்லை. கடன் இல்லாவிட்டாலும் விடமாட்டேன். இந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மகப்பேறு பலன் சட்டத்தின் 2017 திருத்தத்தில், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று வந்தது. எங்கள் அலுவலகத்தில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறோம், காப்பகம் இல்லை. நிர்வாகத்திடம் எழுதிக் கேட்டுப் பெற்றவர்கள் இங்கே உண்டா? தனியாகக் கடிதம் கொடுத்தீர்களா, எல்லோரும் சேர்ந்து கையெழுத்திட்டீர்களா?

காலை எட்டரைக்கு விட்டு, மாலை ஆறரைக்கு அழைத்துக்கொள்வேன். எடுத்து வைத்த தாய்ப்பாலைப் புகட்டுவார்களா என்பதையும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.