ஆங்கிலக் கட்டுரை: ஐந்து பத்தி வார்ப்பைக் கற்பிக்கலாமா, கூடாதா?

கரும்பலகை:
ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஐந்து பத்தி வார்ப்பைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். 250 சொல் கட்டுரை என்றால் முன்னுரை 40, நடுப்பத்தி மூன்றுக்கும் தலா 60, முடிவுரை 30. நடுப்பத்தி ஒவ்வொன்றும் டாபிக் சென்டன்ஸில், அதாவது அந்தப் பத்தியின் கருத்தைச் சொல்லும் வாக்கியத்தில் தொடங்கி, காரணம், எடுத்துக்காட்டு என்று போகட்டும். 45 நிமிடத்தில் திட்டமிட 10, எழுத 30, சரிபார்க்க 5. வெற்றுத்தாளைப் பார்த்தே பயப்படும் பிள்ளையிடம் "உனக்குத் தோன்றியதை எழுது" என்பது உதவி ஆகாது.

சிவப்புமை:
அந்த வார்ப்பில் எழுதிய கட்டுரைகளை எடுத்து, மூன்றாவது நடுப்பத்தியை மட்டும் வரிசையாகப் படித்துப் பாருங்கள் சார். தலைப்பு 'சீருடை தேவையா' என்று வையுங்கள். முதல் காரணம் சமத்துவம், இரண்டாவது செலவு, மூன்றாவது "எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள்". முதல் காரணமேதான், வேறு சொற்களில்! மூன்று வேண்டும் என்று வார்ப்பு கேட்டதால் வந்த பத்தி அது. எதிர்த்தரப்பு வாதத்துக்குப் பதில் சொல்ல அதில் இடமும் இல்லை.

எழுதும் முறையைக் கற்றுக்கொடுங்கள். முதல் 8 நிமிடம் இலக்கணம் பார்க்காமல் எண்ணங்களைக் கொட்டட்டும், தாய்மொழியில் இருந்தாலும் சரி. பிறகு ஒரு வரைவு, அதில் கருத்தை மட்டும் திருத்துதல். மொழிப்பிழை கடைசியில்.

கரும்பலகை:
தாய்மொழியில் குறிப்பெடுக்கலாம், வாக்கியம் கூடாது. முழு வாக்கியமாக எழுதிவிட்டால் அதையே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பார்கள். வினைச்சொல் கடைசியில் போய் நிற்கும், 'ஆல்தோ'வில் தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' வரும். ஒரு எண்ணத்துக்கு மூன்று சொல், அவ்வளவுதான்.

இன்னொன்று, 40 பேர் வகுப்பில் ஆளுக்கு இரண்டு வரைவு என்றால் 80 தாள். தாளுக்கு 5 நிமிடம் வைத்தாலும் 400 நிமிடம். யார் திருத்துவது?

மூன்றாம்பெஞ்சு:
இருவருமே ஒரு படியைத் தாண்டிப் போகிறீர்கள். 1980களில் ஆஸ்திரேலியாவில் உருவான வகைமை அணுகுமுறையில் (கதை, வாதக் கட்டுரை என ஒவ்வொரு எழுத்து வகையின் அமைப்பையும் காட்டிக் கற்பிப்பது) மாதிரிக் கட்டுரையைப் பிரித்துப் பார்ப்பதற்கும் தனியாக எழுதுவதற்கும் நடுவில், வகுப்பே சேர்ந்து எழுதும் கட்டம் உண்டு. ஆசிரியர் கையில் சாக்பீஸ், வாக்கியம் பிள்ளைகளுடையது. "இதைப் படிப்பவர் ஏன் நம்ப வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டே ஒரே ஒரு பத்தியை 20 நிமிடத்தில் கட்டுங்கள். அடித்தது, மாற்றியது எல்லாம் பலகையிலேயே இருக்கட்டும். எழுதும்போது மனம் எப்படித் தேடுகிறது என்பதை அவர்கள் பார்ப்பது அங்கேதான்.

பெரும்பாலும் இது கெடுவது, சுறுசுறுப்பான நான்கு பேரே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால். இரண்டிரண்டு பேராக 2 நிமிடம் துண்டுத்தாளில் எழுதச் சொல்லி, பேசாத ஜோடியிலிருந்து தொடங்குங்கள்.

சிவப்புமை:
இதை ஏற்கிறேன். 400 நிமிடக் கணக்கை ஏற்கவில்லை. முதல் வரைவில் பிழை எதையும் குறிக்கக் கூடாது; ஓரத்தில் ஒரு கேள்வி போதும், அதற்கு 1 நிமிடம். இரண்டாவதில் காலம், எழுவாய்–பயனிலை இயைபு என்று இரண்டு வகைப் பிழை மட்டும், அதுவும் திருத்தி எழுதாமல் வெறும் குறியீட்டால். இலக்கணப் பிழையைத் திருத்துவதையே கைவிடலாம் என்று மொழிக் கற்பித்தல் ஆய்வாளர் டிரஸ்காட் 1996இல் வாதிட்டார். அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை, ஆனால் தாள் முழுக்கச் சிவப்பாக இருந்தால் பிள்ளை மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கும்.

கரும்பலகை:
1999இல் ஃபெரிஸ் என்ற இன்னொரு ஆய்வாளர் அவருக்கு எழுதிய மறுப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். விதி உள்ள பிழை வேறு, விதிக்குள் அடங்காத பிழை வேறு என்று பிரித்தவர் அவர். காலத்துக்குக் குறியீடு போட்டால் பிள்ளை விதியை நினைத்துத் தானே திருத்தும். 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதியதற்குக் குறியீடு போட்டால் 'டிஸ்கஸ் ஆன்' என்று ஊகித்து எழுதும். அங்கே சரியான வடிவத்தையே எழுதிக் கொடுக்க வேண்டும்.

வார்ப்பில் ஒரு மாற்றத்துக்குச் சம்மதம்: மூன்றாவது நடுப்பத்தியை எதிர்வாதத்துக்கு விடலாம். "சிலர் இப்படிச் சொல்வார்கள்" என்று ஒரு வாக்கியம், அதற்கு மறுப்பு மூன்று வாக்கியம். மறுப்பு குறைந்தால் கட்டுரை எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்லிவிடும்.

சிவப்புமை:
அப்படியென்றால் எழுதும் வரிசையையும் மாற்றுங்கள். நடுப்பத்திகள் முதலில், முன்னுரை கடைசியில். என்ன வாதாடப் போகிறோம் என்று தெரியாமலே முன்னுரை எழுதுவதால்தான் "இன்றைய நவீன உலகில்" என்று எல்லாத் தாளும் தொடங்குகிறது.

கரும்பலகை:
பயிற்சியில் சரி. தேர்வுத்தாளில் மேலே ஆறு வரி விட்டுவிட்டு எழுதப் பழக்குங்கள். கடைசி 5 நிமிடத்தில் முதலில் நிரப்ப வேண்டியது அந்த ஆறு வரிதான், இல்லையென்றால் தலையில்லாத தாளைக் கொடுத்துவிட்டு வருவார்கள்.